காகத்துக்குச் சோறு, தேன்சிட்டுக்குப் பூ

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். பல்கனிச் சுவரில் சோறு, பாண் துண்டு, கடையில் வாங்கிய தினைக் கலவை ஆகியவற்றைப் பறவைகளுக்குப் போட்டு வருகிறேன். தொடக்கத்தில் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவிகளும் வந்தன; இப்போது காகத்தையும் மாடப்புறாவையும் தவிர எதுவும் வருவதில்லை. காகத்துக்கு வைப்பதை நிறுத்திப் பார்ப்போமா என்றால், விரத நாளில் காகத்துக்கு வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று அம்மா கேட்கிறார். எச்சம் விழுகிறது என்று கீழ்மாடிக்காரர் முறையிட்டதால், எல்லாப் பல்கனிகளுக்கும் வலை கட்டுமாறு நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் பருவத்துக்கேற்பத் தீனியை மாற்றச் சொல்கிறார்கள். கொழும்பில் எந்த மாதத்தில் எதை வைப்பது? மழைக்காலத்தில் கூடுதலாக வைக்க வேண்டுமா? படத்தில் உள்ள புள்ளி போட்ட பழுப்புப் பறவை எது?

வெள்ளவத்தை வாசகி (பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார்)

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் பார்த்த வீடியோக்களைக் குறை சொல்ல மாட்டேன். அவை அந்த நாடுகளுக்குச் சரியானவை. பனி மூடிய நிலத்தில் புழுவும் விதையும் கிடைக்காமல், எட்டு மணி நேரப் பகலுக்குள் இரை தேடிக்கொண்டு பதினாறு மணி நேர இரவைக் கடக்க வேண்டிய ஒரு சிறு குருவிக்குக் கொழுப்புக் கட்டியும் சூரியகாந்தி விதையும் உயிர் காக்கும் உணவுகள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கும் கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. இரவிலும் குளிர் இல்லை. ஏதாவதொரு மரம் எப்போதும் பூத்தோ காய்த்தோ நிற்கிறது. ஆகவே நாம் தீனி வைக்காவிட்டால் இங்கே எந்தப் பறவையும் பட்டினியால் சாகப்போவதில்லை. அவற்றை அருகில் வைத்துப் பார்க்கும் ஆசையினால்தான் வைக்கிறோம். அந்த ஆசையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தேவை பறவையுடையது அன்று, நம்முடையது என்பதை ஏற்றுக்கொண்டால், எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் முடிவெடுக்கலாம்.

கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் ஏன் வருவதை விட்டன என்பதற்கு விடை உங்கள் தட்டிலேயே இருக்கிறது. தினைக் கலவை கூண்டில் வளர்க்கும் பறவைகளுக்காகக் கட்டி விற்கப்படுவது. நமது வீட்டுத் தோட்டங்களில் திரியும் பறவைகளுள் பெரும்பாலானவை தானியம் தின்பவை அல்ல: கொண்டைக்குருவி பழமும் பூச்சியும் தின்னும், தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும், குண்டுகரிச்சானும் பெரும்பாலும் பூச்சியையே நாடும், குக்குறுவானுக்கும் மாங்குயிலுக்கும் பழம் வேண்டும், தேன்சிட்டுக்குப் பூவும் சிலந்தியும் வேண்டும். இவற்றில் சில, குசினி வாசலில் சிந்திய சோற்றையும் கொத்தித் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் சோறும் தானியமும் நாள் முழுக்கக் குவிந்து கிடக்கும் இடத்தில் காகமும் மாடப்புறாவும் நிலைகொண்டுவிடும்; அவை நிலைகொண்ட இடத்தில் சின்னஞ்சிறு பறவை எதுவும் இறங்காது.

முதலில் தினைக் கலவையை நிறுத்துங்கள். பாணையும் நிறுத்துங்கள், அது நஞ்சு அன்று, ஆனால் வயிற்றை நிரப்புவதற்கு மேல் ஒன்றும் செய்யாது. உப்பிட்ட மிக்சர், பிஸ்கட், பால் கலந்த எதுவும் வேண்டாம்.

காகத்தின் விடயத்தில் நான் உங்கள் அம்மாவின் பக்கம். புரட்டாதிச் சனியிலும் ஆடி அமாவாசையிலும் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்த பின் உண்ணும் வழக்கத்தினால் கொழும்பில் காகம் பெருகவில்லை. மூடாத குப்பைத் தொட்டிகளாலும் வீதியோரத்தில் கட்டி எறியப்படும் பைகளாலுமே அது பெருகியது. வாழையிலைத் துண்டில் ஒரு பிடி, அதுவும் உச்சிவேளையில், எப்போதும் ஒரே மூலையில் வையுங்கள். காகம் தின்று முடித்ததும் இலையை எடுத்துவிட்டுச் சுவரைக் கழுவிவிடுங்கள். காகம் நேரத்தையும் ஆளையும் நன்றாக நினைவில் வைத்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் அந்த வேளைக்கு மட்டும் வந்துபோகப் பழகிவிடும். மற்றப் பறவைகளுக்கு வைப்பதைக் காலை ஆறரை மணிக்குள், பல்கனியின் மறு கோடியில், மிகச் சிறிய அளவில் வையுங்கள். காகம் சின்னப் பறவைகளின் கூட்டிலிருந்து முட்டையையும் குஞ்சையும் தூக்கிச் செல்லக்கூடியது என்பதால், அதை நாள் முழுவதும் உங்கள் சுவரில் இருக்கப் பழக்காமல் இருப்பதே மற்றவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அந்த மறு கோடியில் வைக்க, கனிந்த பப்பாசியின் ஒரு கீற்று அல்லது தோலை நீளவாக்கில் உரித்த ஒரு வாழைப்பழம் போதும். கம்பியில் குத்தி, கிறிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். ஆடும் பழத்தில் கொண்டைக்குருவியால் தொற்றிக்கொண்டு தின்ன முடியும், காகத்துக்கு அது சிரமம். அணில் வரும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பத்து மணிக்கு மேல் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். நமது வெக்கையில் வெட்டிய பழம் அரை நாளில் புளித்துவிடும். ஈரத் தட்டில் பூஞ்சணமும் நோய்க்கிருமியும் சேர்ந்து ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும்.

தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தொங்கவிடலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். அமெரிக்கக் கண்டத்து ஓசனிச்சிட்டுக்காகச் செய்யப்பட்ட போத்தல் அது. கொழும்பு வெயிலில் சீனித் தண்ணீர் ஒரே நாளில் நொதித்துவிடும். அந்தக் காசுக்கு இரண்டு பூச்சாடி வாங்கி ஒன்றில் செவ்வரத்தையும் மற்றதில் இக்சோராவும் நடுங்கள். மூன்றாம் மாடிக்கும் தேன்சிட்டு வரும். நம் பக்கம் அதிகம் தென்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அதைவிட நீண்டு வளைந்த அலகும், வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மின்னும் கறுப்பு உடலும் கொண்ட ஆண் பறவையைக் கண்டால் அது லோட்டன் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிதியோன் லோட்டனின் பெயரைத் தாங்கியது. ஓர் ஆளுநரின் பெயரை ஒரு குருவி சுமந்துகொண்டு திரிகிறது.

ஆண்டின் முற்பாதியில், பெரும்பாலான தோட்டப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில், செடியின் பயன் இரட்டிப்பாகும். பெண் தேன்சிட்டு உங்கள் கிறிலின் மூலையில் அந்தரத்தில் இறகடித்து நின்று, சிலந்தி வலையை அலகால் சுற்றி இழுத்துச் செல்வதைப் பார்த்தால் அதன் கூடு அருகில் இருக்கிறதென்று கொள்ளலாம். நாரையும் பஞ்சையும் அந்த நூலால் பிணைத்து, பை போலத் தொங்கும் கூட்டைப் பெண் மட்டுமே கட்டும்; வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளையும் காய்ந்த குப்பையையும் ஒட்டிவிடும்; பக்கவாட்டில் உள்ள வாசலுக்கு மேல் தாழ்வாரம் போல ஒரு சிறு நீட்டல் இருக்கும். உடுப்புக் காயப்போடும் கயிற்றிலும் மின்விளக்குக் கம்பியிலும்கூடக் கட்டும். காற்றில் சிக்கிய சருகென்று நினைத்து அதைப் பிய்த்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே தை மாதம் தொடங்கிச் சித்திரை முடியும்வரை பல்கனியில் ஒட்டடை அடிக்காமல் விடுங்கள். வீட்டாருக்கும் ஒரு வேலை மிச்சம். அந்த மாதங்களில் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் கூடாது. தேன் குடிக்கும் பறவையானாலும் பழம் தின்னும் பறவையானாலும் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழுவையும் சிலந்தியையுமே ஊட்டும்; செவ்வரத்தை இலையில் ஓட்டை போடும் புழு அந்தக் குஞ்சின் காலைச் சாப்பாடு. பழம் தொங்கவிடுவதையும் இக்காலத்தில் குறைத்துக்கொள்ளலாம். குஞ்சுக்கு எளிதாகக் கிடைக்கும் பழத்தைவிடத் தேடிப் பிடித்த பூச்சியே நல்லது.

உங்கள் படத்தில் இருப்பது பெண் குயில். கரியது குயில் என்றே கேட்டு வளர்ந்த நாம், கபில நிறத்தில் வெண்புள்ளிகள் தெளித்த பெண்ணைக் கண்டால் வேறேதோ பறவை என்று நினைக்கிறோம். சிவந்த கண்ணைப் பார்த்தால் ஐயம் தீரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விடாமல் கூவுவது ஆண். அது கூவிக் காகத்தின் கவனத்தை இழுக்க, பெண் ஓசையின்றிக் காகத்தின் கூட்டுப் பக்கம் போகும். கறிவேப்பிலைப் பழம் இதற்கு மிகப் பிடித்தம்; கீழே யாராவது முற்றத்தில் கறிவேப்பிலை மரம் வைத்திருந்தால், உங்கள் மாடிக்கு இது வந்த காரணம் அதுவாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் கூடுதலாக வைக்க வேண்டியதில்லை, குறைத்து வையுங்கள். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழை விட்டு விட்டுப் பெய்வது. பறவைகள் இடைவெளி பார்த்து வெளியே வந்து இரை தேடிக்கொள்ளும். நனைந்த தீனிதான் ஆபத்தானது.

தைக்கும் பங்குனிக்கும் இடையில் வெயில் ஏறும்போது நிலைமை மாறும். அப்போது பறவைக்கு வேண்டியது தண்ணீர். ஒரு அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். பழத்துக்கு எட்டிப்பார்க்காத தவிட்டுக்குருவிகளும் தண்ணீருக்கு வரும்: ஒன்று உயரத்தில் காவலிருக்க மற்றவை முறை வைத்துக் குளித்துவிட்டு, கொடியில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒன்றின் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும்.

ஆனால் இது கொழும்பு. தேங்கிய தண்ணீர் என்றதும் டெங்கை நினைக்க வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானதை நாம் மறக்கவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். சட்டி காய்ந்தாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை நாள்தோறும் மாற்றுவதோடு, இரண்டு நாளுக்கொரு முறை உட்பக்கத்தைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டை விட்டு ஊருக்குப் போவதானால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர் தண்ணீர் வைக்காமல் இருப்பதே அயலாருக்கு நல்லது.

ஆவணி, புரட்டாதி தொடங்கிச் சித்திரை வரை வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் நீலவால் பஞ்சுருட்டானுக்கோ, நீண்ட வெள்ளை நாடா போன்ற வாலுடன் மரத்துக்கு மரம் தாவும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கோ நீங்கள் வைக்கக்கூடிய தீனி ஏதும் இல்லை. ஆனால் ஆறுமணிக்குருவி வரும் ஐப்பசி மாதத்தில் உங்கள் வீட்டுக் கண்ணாடியைக் கவனிக்க வேண்டும். இரவில் பறந்து வந்து களைத்துப்போன அந்தப் பறவை, ஒளிரும் சன்னலில் மோதிப் பல்கனியில் விழுந்து கிடப்பதுண்டு: பச்சை முதுகு, இளமஞ்சள் கலந்த பழுப்பு நெஞ்சு, வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. உயிரோடிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீனியும் திணிக்காதீர்கள். துளையிட்ட காட்போட் பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டான, ஓசையில்லாத அறையில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். தெளிந்து நின்றதும் பகல் வெளிச்சத்தில் மரங்களுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் பறவை பார்க்கும் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மாதத்தில் இரவில் திரைச்சீலையை இழுத்து மூடினாலே இது பெரும்பாலும் நேராது.

எல்லாப் பறவையையும் பல்கனிக்கே அழைக்க வேண்டுமென்பதுமில்லை. ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஒரு ஞாயிறு காலை பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்கு அம்மாவையும் அழைத்துப் போனால், ஒரு தானிய மணியும் வைக்காமல் கானாங்கோழியையும் மீன்கொத்தியையும் பார்த்துவிட்டு வரலாம்.

வலையைப் பற்றி நிர்வாகக் குழுவோடு சண்டை பிடிக்க வேண்டாம். தானியத்தை நிறுத்தியதும் புறா குறையும். ஆனால் உடனே குறையாது, ஏற்கெனவே கூடு வைத்த சோடிகள் அந்த இடத்தை இலகுவில் விடா. காய்ந்த புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் கீழ்மாடிக்காரரின் முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது; எச்சத்தைக் கூட்டாமல், நனைத்துத் துடையுங்கள். வலை கட்டுவதானால் தடித்த நூலாலானதை, நான்கு பக்கமும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மெல்லிய நைலோன் வலை தொய்ந்து தொங்கினால் சிறு பறவைகளும் வௌவாலும் அதில் சிக்கி இறந்துபோகும். கட்டுவதற்கு முன் எல்லா மாடிகளிலும் விளக்குக் கம்பி, கொடி, செடி எங்கேனும் தேன்சிட்டுக் கூடு தொங்குகிறதா என்று பார்த்து, இருந்தால் குஞ்சு பறந்துபோகும்வரை அந்த ஒரு பல்கனியை விட்டுவைக்கக் கேளுங்கள். செவ்வரத்தைச் சாடியை வலைக்கு வெளியே நீட்டிய தாங்கியில், கீழே விழாதபடி கம்பியால் கட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.