இன்டர்ன்ஷிப்புக்குப் 'பர்மிஷன்' வாங்க 85,000 ரூபாயா?

கேள்வி: என் மகன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். மூன்றாவது செமஸ்டர் முடியப்போகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அவனை அனுப்பிவைத்த ஓசூர் கன்சல்டன்சிக்காரர், "வருடத்துக்கு 140 நாள்தான் வேலை பார்க்கலாம், ஆறு மாதம் போனால் விசா கேன்சல் ஆகிவிடும், பர்மிஷன் வாங்க 85,000 ரூபாய் ஆகும்" என்கிறார். 20,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மகன் ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் வீதம் 18 நாள் பார்சல் கிடங்கில் வேலை பார்த்திருக்கிறான். குளிர்கால செமஸ்டருக்கு ஸ்பெயினுக்கு அனுப்புவதாகவும் கல்லூரியில் சொல்கிறார்களாம். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?
ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, முதலில் மீதி 65,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இந்த இன்டர்ன்ஷிப்பால் உங்கள் மகனின் விசாவுக்கு ஆபத்து வராது. ஓசூர்க்காரர் விற்கிற 'பர்மிஷன்' என்ற பொருளே கிடையாது. ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஓர் ஆண்டில் 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். முன்பு 120, 240 என்று இருந்ததை 2024 மார்ச்சில் உயர்த்தினார்கள். அந்த உரிமை தங்கும் அனுமதியோடு சேர்ந்தே வருகிறது. மகனிடம் தங்கும் அனுமதி அட்டையோடு கொடுத்த மடித்த பச்சைத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 140 நாளைத் தாண்டினால் மட்டுமே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி கேட்க வேண்டும். அதையும் மாணவர்தான் அங்கிருந்து கேட்க வேண்டும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு யாரும் வாங்கித் தர முடியாது.

அப்படியானால் ஆறு மாதம் என்பது 140 நாளுக்குள் அடங்குமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே இன்டர்ன்ஷிப் இரண்டு வகை. படிப்பிலேயே கட்டாயம் என்று எழுதியிருப்பது ஒன்று. 'ஃப்ளிஷ்ட் பிராக்டிகும்' என்பார்கள். மாணவர் தன் விருப்பத்துக்குச் செய்வது இன்னொன்று. கட்டாய இன்டர்ன்ஷிப்பின் நாட்கள் அந்த 140இல் சேராது. விருப்ப இன்டர்ன்ஷிப் முதல் நாளிலிருந்தே சேரும், சம்பளம் இல்லாவிட்டாலும் சேரும்.

எது கட்டாயம் என்பதைக் கம்பெனி முடிவு செய்வதில்லை, ஏஜென்டும் முடிவு செய்வதில்லை. நம் ஊரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுபோல அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு ரெகுலேஷன், அதாவது படிப்பு விதிமுறை, உண்டு. அதில் எத்தனை வாரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை வாரம்தான் கட்டாயம். எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். ரெகுலேஷனில் 12 வாரம் என்று இருக்கும், கம்பெனி 26 வாரத்துக்கு ஒப்பந்தம் போடும். "எங்கள் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயம்தானே" என்று பையன் 26 வாரத்தையும் கட்டாயக் கணக்கில் எழுதிக்கொள்வான். அது தவறு. 12 வாரம் கட்டாயம், மீதி 14 வாரம் விருப்பம். ஒரே மேஜை, ஒரே வேலை, ஒரே மேலாளர், ஆனால் பதின்மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலையிலிருந்து சட்டத்தின் கண்ணில் அது வேறு வேலை.

உங்கள் மகனின் படிப்பில் 12 வாரம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மீதி 14 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 70 நாள். கிடங்கில் பார்த்த 18 நாளையும் சேர்த்தால் 88. ஆண்டு முடிய இன்னும் 52 நாள் கையில் இருக்கிறது. ரெகுலேஷனில் 20 வாரம் என்று இருந்தால் இன்னும் நல்லது. கட்டாயமே இல்லை என்றால் 26 வாரமும் கணக்கில் வரும், அதாவது 130 நாள், 18ஐச் சேர்த்தால் 148. அப்போது மட்டும் 8 நாள் இடிக்கிறது. அதற்கும் வழி சுலபம்: ஒப்பந்தத்தை இரண்டு வாரம் குறைத்துக் கேட்கலாம். செய்த கிடங்கு வேலையை அழிக்க முடியாது, வரும் வேலையைக் குறைக்கலாம். அந்தக் கிடங்கு நாட்களையும் சரியாக எண்ணச் சொல்லுங்கள். நாலு மணி நேரத்துக்குள் முடிந்த ஷிஃப்ட் அரை நாள், அதற்கு மேல் போனால் முழு நாள்.

இத்தனைக்கும் வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று. 'இந்த மாணவருக்கு இத்தனை வாரம் கட்டாய இன்டர்ன்ஷிப்' என்று பல்கலைக்கழகம் தரும் சான்று. துறையின் இன்டர்ன்ஷிப் அலுவலகமோ தேர்வு அலுவலகமோ கொடுக்கும். மகன் ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் கட்டாயப் பகுதி எந்தத் தேதி வரை, விருப்பப் பகுதி எந்தத் தேதியிலிருந்து என்று பிரித்து எழுதித் தரும்படி கம்பெனியின் எச்.ஆரிடம் கேட்கட்டும். அவர்களுக்கு இது பழகிய விஷயம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் வராது என்று தெரிந்ததும் சிலர் பேச்சை மாற்றுவார்கள். "சரி, 26 வாரமும் கட்டாயம் என்று ஒரு லெட்டர் ரெடி பண்ணித் தருகிறேன்" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். எட்டு நாள் கூடுதலாக வேலை பார்த்தவனுக்கு விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பாவது இருக்கும். போலிக் கடிதம் கொடுத்தவனுக்கு அதுவும் இருக்காது. அதேபோல, இன்டர்ன்ஷிப் தருவதற்கு டெபாசிட் கட்டச் சொல்கிற கம்பெனி எதுவானாலும் அது கம்பெனியே இல்லை.

போன ஆண்டு பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். மஞ்சப்பையைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக மேஜைமேல் அடுக்கினார். நகை அடகு ரசீது இரண்டு. புளி விற்ற சீட்டு ஒன்று. கன்சல்டன்சி கொடுத்த ரசீதுகள் ஐந்து. ஐந்திலும் 'சர்வீஸ் சார்ஜ்' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. என்ன சர்வீஸ் என்றும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. கடைசி ரசீதை மட்டும் அவர் கையிலேயே வைத்திருந்தார், கொடுக்க மனம் வரவில்லை. வாங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் சேர்க்கைச் சான்றின் பிரதியை டவுன்லோடு செய்து கொடுத்ததற்கு 12,000 ரூபாய். பையனே தன் போனில் இரண்டு நிமிடத்தில் எடுத்திருப்பான். "அவன்கிட்ட கேட்டா படிப்பு கெடும்னு நான்தான் கேக்கல" என்றார். அந்த நல்ல மனசைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

இதைக் கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் பதிவு செய்யவேண்டும் என்று 1983லேயே சட்டம் வந்துவிட்டது. படிக்க அனுப்புகிறேன் என்று பலகை மாட்டுபவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பொறியியல் கல்லூரிகளோ கருத்தரங்கு என்று சொல்லி அவர்களுக்கே மேடை போட்டுக் கொடுக்கின்றன. நான் பாடம் நடத்திய கல்லூரியிலும் அப்படித்தான் நடந்தது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் கல்லூரிகள் தருகின்றன. ஆகவே மேடையில் எது விற்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை என்பதை அந்த மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வங்கிக்குப் போனால் ஏழரை லட்சத்துக்கு மேல் கடனுக்கு அடமானம் கேட்கிறார்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நம் மாவட்டங்களில் மாந்தோப்பும் புளியமரமும் வைத்திருப்பவர் வேறு எதைக் காட்டுவார்? ஏஜென்ட் கைகாட்டுகிற வட்டிக்காரரிடம்தான் போகிறார்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்ன்ஷிப்பைவிட நான் அதிகம் கவலைப்படுவது பரீட்சையைப் பற்றி. நம் ஊரில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டர், அதற்கடுத்த செமஸ்டர் என்று எழுதிக்கொண்டே போகலாம். அங்கே ஒரு பாடத்துக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கை உண்டு, பெரும்பாலும் மூன்று. மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள், வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேரவும் முடியாது. வகுப்புக்கு வருகைப் பதிவு பல இடங்களில் கிடையாது. அதை நம்பிப் பிள்ளைகள் கிடங்கு ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள். முழு மதிப்பெண்ணும் கடைசியில் வரும் ஒரே தேர்வில் இருக்கிறது. அங்கே 1.0 தான் முதல் மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. "அஞ்சு வாங்கியிருக்கேன்" என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை தவறிய பாடம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால், அந்தத் தேர்வுத் தேதிக்கு லீவு உண்டா என்று கம்பெனியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். இன்டர்ன்ஷிப் நடக்கும்போதும் அடுத்த செமஸ்டருக்கான கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும். அதை மறந்து சேர்க்கை ரத்தாகி அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெயின் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒப்பந்தம் உள்ள பரிமாற்றத் திட்டம் என்றால், ஜெர்மன் தங்கும் அனுமதியை வைத்துக்கொண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். அந்த நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியிருக்கும், அதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் சொல்லித்தரும். டென்மார்க்குக்கும் அயர்லாந்துக்கும் இந்த வசதி இல்லை, ஸ்பெயினுக்கு உண்டு. ஜெர்மன் அனுமதி அட்டை அந்த செமஸ்டர் முடியும்வரை செல்லுமா என்று தேதியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கும் ஓசூரில் யாரிடமும் காசு கட்ட வேண்டாம்.

கடைசியாக அந்த 20,000. ஜிபே ஸ்கிரீன்ஷாட், 85,000 கேட்ட வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். 'எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், என்ன அனுமதிக்கு விண்ணப்பித்தீர்கள், ஒப்புகைச் சீட்டு எங்கே?' என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். ஒரு வாரத்தில் சீட்டும் வராமல் பணமும் வராமல் போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கிருஷ்ணகிரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. பணம் கட்டிய தேதியை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.