அணுப் பாதுகாப்பில் தகவல் வேலை: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நூலக, தகவல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆய்வு நிறுவனத்தில் தரவு தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். சர்வதேச அணுப் பாதுகாப்பில் தகவல் பகுப்பாய்வாளர் வேலைக்கான அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் அந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இயற்பியல் படிக்காத எனக்கு அது சரிவருமா? அது உளவு வேலையா? வீட்டில் "அணு" என்றதுமே பயப்படுகிறார்கள். என் தயக்கம் வேறு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து அறிக்கை எழுதும் ஒருவரால் யாருக்கு என்ன பயன்? யாரையாவது காப்பாற்றுகிறோம் என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா?

அன்புடன்,
கயல்விழி

அன்புள்ள கயல்விழி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. வேலையில் படித்த ஆவணங்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆகவே உலகறிந்த நிகழ்வுகளை வைத்தே சொல்கிறேன்.

1987 செப்டம்பர், பிரேசிலின் கோயானியா நகரம். இடம் மாறிப்போன ஒரு புற்றுநோய் சிகிச்சை மையம், பழைய கட்டடத்திலேயே தன் கதிர்வீச்சுக் கருவியை விட்டுவிட்டுப் போயிருந்தது. நல்ல உலோகமாயிற்றே என்று இரண்டு பேர் அதைக் கழற்றி எடுத்துப்போய்ப் பழைய இரும்புக்கடையில் விற்றார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினர்களும் நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். இத்தனை பேர் விழுவதற்கும் வீட்டுக்கு வந்த அந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் இரும்புக்கடைக்காரரின் மனைவி. அதைப் பையில் போட்டுப் பேருந்திலேயே சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் ஓர் இயற்பியலாளர் அளவு கருவியுடன் வந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் உச்சத்திலேயே நின்றதால் கருவி பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கிவந்தார். அதற்குள் தீயணைப்பு வீரர்கள் அந்தப் பொருளை ஆற்றில் வீசத் தயாராகியிருந்தார்கள். அவர்தான் தடுத்தார். 4 பேர் இறந்தார்கள், அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர். 1,12,000 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது, 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது.

அந்த ஊரில் குண்டு கிடையாது, தீவிரவாதி கிடையாது, திருடியவர்களுக்குக்கூடத் தாங்கள் எதைத் திருடினோம் என்று தெரியாது. கருவி தனியாகக் கிடக்கிறது என்ற தகவல், அதன் அபாயம் தெரிந்த ஒருவரிடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நம் துறையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்தப் பெண்மணி செய்ததுதான் பகுப்பாய்வு என்று நான் முழுமனதாகச் சொல்வேன்.

அணு ஆயுதத்துக்கு உதவும் பொருளின் கடத்தலும் இல்லாமல் இல்லை. 1994 ஆகஸ்டில் முனிச் விமான நிலையத்தில் சுமார் 363 கிராம் புளூட்டோனியம் பிடிபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிராகில் 2.7 கிலோ உயர்செறிவு யுரேனியம். சர்வதேச அணுசக்தி முகமை 1995-இல் நிகழ்வுகளைப் பதியும் தரவுத்தளத்தைத் தொடங்கியதற்கு அந்தக் காலத்துப் பதற்றமும் ஒரு காரணம். 1993-இலிருந்து நடந்தவற்றில் இதுவரை 4,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் கடத்தல் அல்லது தீய நோக்கம் என்று உறுதியாகவோ பெரும்பாலும் அப்படித்தான் என்றோ வகைப்படுத்தப்பட்டவை பத்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் காணாமல்போன, கதிரியக்கத்தால் அளக்கும் தொழிற்சாலைக் கருவிகள், லாரியோடு திருடுபோன கதிர்மூலங்கள் (மருத்துவத்திலும் தொழிலிலும் பயன்படும் கதிரியக்கப் பொருள்கள்), பழைய இரும்போடு உருக்காலை வாசல்வரை வந்துவிட்டவை. 2013 டிசம்பரில் மெக்சிகோவில் கோபால்ட்-60 என்ற கதிர்மூலம் ஏற்றிய லாரி கடத்தப்பட்டபோது உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் வெடிகுண்டு பற்றி எழுதின. இரண்டு நாளில் மூலம் கிடைத்துவிட்டது. திருடர்களுக்குத் தேவைப்பட்டது லாரி.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். "50 கிராம் கலிஃபோர்னியம் பறிமுதல், மதிப்பு பல நூறு கோடி" என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். நான்கு நாளிதழ்களில் வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் நான்கும் ஒரே காவல்துறை அறிக்கையின் நகல்கள், ஆகவே உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு ஆதாரம். அடுத்தது அளவு. கலிஃபோர்னியம்-252 என்ற செயற்கைக் கதிரியக்கப் பொருள் உலகத்தில் ஆண்டுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் தயாராகிறது, அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில். ஒரு மைக்ரோகிராமே நொடிக்கு சுமார் 23 லட்சம் நியூட்ரான்களை உமிழும். 50 கிராமை வெறும் டப்பாவில் வைத்துப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, பொருள் அதுவாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் "போலி" என்று எழுதிக் கோப்பை மூடிவிடவும் கூடாது. டப்பாவில் வேறு ஏதோ இருக்கலாம். வாங்க ஒருவர் தயாராக இருந்தார் என்பதும் ஒரு செய்தி. ஆய்வகம் சோதித்ததா, என்ன சொன்னது என்று நீங்கள் கேட்டபடி இருக்க வேண்டும். பறிமுதல் செய்தி முதல் பக்கத்தில் வரும், ஆய்வக முடிவு பல நேரம் வராமலே போகும்.

இன்னொன்று. குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிர்மூலம் தொலைந்ததாக ஒரு படிவம் வருகிறது. அதன் அரையாயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 74 நாள். தொலைந்து ஓராண்டு ஆகியிருந்தால் வீரியம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். போன வாரம் என்றால் கையில் எடுத்தவரின் விரல்கள் போய்விடும். தேதி 3/4 என்று இருக்கிறது. மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? வீரியம் கியூரியிலா, பெக்கரலிலா? இரண்டும் கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள், ஒரு கியூரி என்பது 3,700 கோடி பெக்கரல். இதையெல்லாம் ஊகித்து நிரப்பக் கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள், அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். இந்த வேலையில் நான் மதித்தவர்கள் எல்லோரும் காலிக் கட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

உளவா என்று கேட்டீர்கள். இல்லை. முகமையின் தரவுத்தளத்துக்கு நாடுகள் தாமாக முன்வந்து, அதற்கென நியமித்த தொடர்பாளர் மூலம் தகவல் தருகின்றன. அதற்கு மேல் செய்தித்தாள், நீதிமன்றத் தீர்ப்பு, ஒழுங்குமுறை ஆணையங்களின் அறிவிப்பு என்று வெளிப்படையாகக் கிடைப்பவைதான். நாடுகள் நம்பித் தந்ததை வெளியே பேசக் கூடாது, அந்தக் கட்டுப்பாடு கடுமையானது. ஒரு நாடு ரகசியமாக ஆயுதம் செய்கிறதா என்று சரிபார்ப்பது வேறொரு பிரிவின் வேலை.

"தாமாக முன்வந்து" என்று சொன்னேன் அல்லவா, இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது அதோடு சம்பந்தப்பட்டது. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்து அனுப்பும் நாட்டின் பெயரில் நிகழ்வுகள் அதிகம் இருக்கும். கணக்கே வைக்காத நாட்டின் பெயரில் ஒன்றும் இருக்காது. யாரோ ஒருவர் நாடுவாரியாகப் பட்டியல் போட்டு முதலாவது நாட்டை ஆபத்தானது என்று எழுதிவிடுவார். அடுத்த ஆண்டு அந்த நாட்டு அதிகாரி ஒரு படிவத்தை அனுப்பத் தயங்கினால் இழப்பு நம் எல்லோருக்கும்தான். உங்கள் அறிக்கையில் அப்படி ஓர் அட்டவணை கேட்கப்பட்டால் மறுத்து வாதாடுங்கள். மேலதிகாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இயற்பியல் பட்டம் கட்டாயம் இல்லை, ஆனால் இயற்பியலைக் கண்டு ஒதுங்க முடியாது. அரையாயுள், ஆல்ஃபா, பீட்டா, காமா, நியூட்ரான் வேறுபாடு, ஆபத்தின் அளவுப்படி கதிர்மூலங்களைப் பிரிக்கும் 5 வகைகள், எந்தத் தொழிலில் எந்த மூலம் என்ற அறிவு, இவற்றைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆதாரத்தை எடைபோடும் பழக்கம் அப்படிச் சீக்கிரம் வராது, உங்கள் படிப்பு அதைத்தான் தந்திருக்கிறது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ், அரபி, சீனம் இவற்றில் ஒன்று படிக்கத் தெரிந்தால் பெரிய பலம். இன்னொரு முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால், பெண்களுக்காக முகமை 2020-இல் தொடங்கிய மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகையைப் பாருங்கள். அணுப் பாதுகாப்புப் படிப்பும் அதில் அடங்கும்.

வீட்டாரிடம் சொல்லுங்கள், நீங்கள் கையாளப்போவது காகிதமும் கோப்பும்தான். கதிரியக்கப் பொருள் எதுவும் உங்கள் மேசைக்கு வராது.

யாரையாவது காப்பாற்றினேனா? பெயர் சொல்ல முடியாது, தொலைந்த மூலம் கிடைத்துவிட்டால் யாருக்குக் காயம் பட்டிருக்கும் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் "மீட்கப்படவில்லை" என்று பதியப்பட்ட வரி பின்னர் ஒரு நாள் "மீட்கப்பட்டது" என்று மாறும்போது, அன்று முழுக்க எனக்கு மனம் நிறைந்திருக்கும்.

விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் எழுத்துத் தேர்வு இருக்கும். சில செய்திகளைக் கொடுத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். பழைய நிகழ்வு ஒன்றை எடுத்து இப்போதே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.