சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார், வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், 76 வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். துணைக்கென்று வந்த பெறாமகன் இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறார். முன்பெல்லாம் ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு மயூரபதி அம்மன் கோயிலுக்கு வருவார். இப்போது வெளியே காண்பதே இல்லை. போன் எடுத்தால் பெறாமகன்தான் பேசுகிறார், "அன்ரி நித்திரை" என்கிறார். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன், ஆள் பாதியாகிவிட்டார். பென்ஷன் எடுக்கிற அட்டையும் அவரிடம்தான். போன கிழமை என் கணவரிடம் வந்து, "அன்ரி ஒரு உறுதி எழுதப் போறா, சாட்சிக்கு ஒரு கையெழுத்து வைப்பீங்களா?" என்று கேட்டார். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடலாமா? கனடாவில் இருக்கும் மகனுக்குச் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: அன்பின் சகோதரி, உங்கள் கணவர் இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். ஆனால் "மாட்டேன்" என்றும் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் பெறாமகன் வேறு இரண்டு பேரைப் பிடித்துக்கொள்வார், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். "ரீச்சரோடு ஒரு தரம் இருந்து கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். சாட்சி கேட்கப்பட்ட ஒருவர் இதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. இத்தனை நாள் திறக்காத கதவுக்குப் பெறாமகனே உங்களிடம் சாவி தந்திருக்கிறார்.

காணி, வீடு கைமாறும் உறுதி நம் நாட்டில் நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேண்டும். கையெழுத்திடுபவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணவரைத் தேடி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சாட்சி வைப்பதைப் பலர் அயலுக்குச் செய்யும் சின்ன உதவியாக நினைக்கிறார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் கூண்டில் ஏறுவது சாட்சி வைத்தவர்தான்.

என்ன உறுதி என்பதும் முக்கியம். அற்றோனித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் என்றால், தெளிந்த மனதோடு இருக்கும்வரை ரீச்சர் அதை ரத்துச் செய்யலாம். நன்கொடை உறுதி அப்படியல்ல. சாதாரணமாக அதைத் திருப்ப முடியாது. பெற்றவர் பெரிய நன்றிகேடு செய்தார் என்று காட்டி நீதிமன்றம் மூலம் ரத்துச் செய்ய 2017இல் ஒரு சட்டம் வந்தது, ஆனால் 76 வயதில் யார் வழக்குப் பேசி அலைவது? ரீச்சர் மனமொத்துத்தான் கொடுக்கிறார் என்றாலும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கே.

அவரோடு தனியாகக் கதைப்பது எப்படி? பெறாமகன் வேலைக்கோ கடைக்கோ போகும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசாதம் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் "உங்களை அடிக்கிறாரா" என்று கேட்டுவிடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, கிளினிக்குக்கு யார் கூட்டிப்போகிறார்கள், பிள்ளைகளோடு கடைசியாக எப்போது கதைத்தீர்கள், பென்ஷன் காசு கையில் வருகிறதா என்று கேளுங்கள். உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாயால் சொல்லட்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிறகு அதைக் காப்பாற்றவும் முடியாது, மீறவும் முடியாது.

பெறாமகன் கெட்டவர் என்று நான் முடிவு கட்டவில்லை. ரீச்சருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தால், காலி வீதியில் இறங்கிவிடுவாரோ என்ற பயத்தில் கதவைப் பூட்டும் ஒரு களைத்த மனிதராகவும் அவர் இருக்கலாம். அப்படியென்றால் அவருக்கும் உதவி வேண்டும். ஆனால் மறதி உள்ளவரிடம் உறுதியில் கையெழுத்து வாங்குவது அதைவிடப் பெரிய பிரச்சினை.

மகனுக்குச் சொல்லலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்படிக் கேள்விப்பட்டால் உடனே போனை எடுத்துப் பெறாமகனைத்தான் ஏசுவார்கள். அதன் பிறகு நீங்கள் அந்தப் படி இறங்க முடியாது, அன்றிரவு ரீச்சருக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியாது. முதலில் ரீச்சரைப் பாருங்கள், மகனுக்குச் சொல்லவா என்று அவரிடமே கேளுங்கள். சொல்லும்போது நீங்கள் கண்டதைத் திகதியோடு சொல்லுங்கள், சந்தேகப்பட்டதை விடுங்கள். இன்றைக்கே ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்குங்கள்.

அட்டை விஷயம் லேசானது. ரீச்சர் விரும்பினால் அவரை வங்கிக் கிளைக்குக் கூட்டிப்போய், பழைய அட்டையை நிறுத்திப் புதியது எடுக்கலாம்.

நிலைமை சரியில்லை என்று தெரிந்தால், உங்கள் பகுதி ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போங்கள். திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் கேட்டுப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை ஒன்று இருக்கிறது. ஆனால் அது முக்கியமாகப் பெற்றோரைப் பார்க்காத பிள்ளைகளுக்கானது, இங்கே அவ்வளவு பொருந்தாது. அடி, மிரட்டல், அடைத்து வைத்தல் என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உறவினரும் அதற்குள் வருவார்கள். ரீச்சர் நீதிமன்றம் போக முடியாவிட்டால் அவர் சார்பில் பொலிஸாரே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆலோசனைக்குப் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுங்கள். காயத்தோடோ மயங்கியோ கண்டால் இதொன்றும் வேண்டாம், உடனே பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

பொலிஸுக்குப் போக நேர்ந்தால் தமிழிலேயே முறைப்பாடு கொடுங்கள், அது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.