சொந்த அரங்கில் பயிற்சியாளரின் கடைசி ஆட்டத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி எப்படித் தோற்றது?

2022 மார்ச் 5-க்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் டியூக்தான் ஜெயிக்கும் என்றிருப்பேன். அந்தப் பருவத்தில் அதுவரை 26 வெற்றி, 4 தோல்வி. அந்த நாலு தோல்வியையும் கூட்டினால்கூட மொத்த வித்தியாசம் 9 புள்ளிதான். ஏசிசி என்ற பல்கலைக்கழக லீக்கில் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்தாகிவிட்டது, அணியின் பாலோ பான்கெரோ முதலாண்டு மாணவர் மாதிரியே ஆடவில்லை, போதாக்குறைக்கு ஒரு மாதம் முன்பு இதே எதிரணியான நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தை அவர்கள் ஊரிலேயே 87-67 என்று வெளுத்திருந்தார்கள்.

ஆனால் அந்த இரவின் பாரம் வேறு. 1980 முதல் டியூக்கை நடத்திய பயிற்சியாளர் ஷெஷெவ்ஸ்கிக்கு, டியூக்கின் சொந்தக் கேமரன் அரங்கில் அதுதான் கடைசி ஆட்டம். 9,314 பேர் கொள்ளும் சின்ன அரங்கம், வாசலில் வாரக்கணக்காகக் கூடாரம் போட்டுக் காத்திருந்த மாணவர்கள், 90-க்கு மேல் முன்னாள் வீரர்கள். இளம் பசங்களுக்கு இது உற்சாகமா நெருக்கடியா என்றால், நெருக்கடிதான் என்பேன்.

எதிரணிக்கோ இழக்க ஒன்றுமில்லை. அதன் வீரர்கள் பேகாட், லவ், டேவிஸ், மானெக் நால்வரும் ஆளுக்கு 20 புள்ளியாவது எடுத்தார்கள். கடைசியில் 94-81 என்று நார்த் கரோலைனா ஜெயித்தது. அப்புறம் நடக்கவேண்டிய வழியனுப்பு விழாவை அரங்கமே தொங்கிய முகத்தோடு பார்த்தது.