திருநின்றவூரா, கூடுவாஞ்சேரியா, பெருங்களத்தூரா?

கேள்வி:

எனக்கு வயது 36. எழும்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவிக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஆளுக்கு 55,000 வீதம் மாதம் 1,10,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆதம்பாக்கத்தில் 21,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை நீங்கலாகச் செலவு 52,000. கடன் எதுவும் இல்லை. பி.எஃப். தவிர வங்கியில் 16 லட்சம் இருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் உண்டு. மகள் வரும் ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டும். என் அம்மா எங்களோடு இருக்கிறார்.

மூன்று வீடுகள் பார்த்திருக்கிறோம். திருநின்றவூரில் தனி வீடு, 52 லட்சம், நிலையத்திலிருந்து 3 கி.மீ. கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் 1,050 சதுர அடி, 48 லட்சம், நிலையத்திலிருந்து மூன்றரை கி.மீ. பெருங்களத்தூரில் 12 வருடப் பழைய அடுக்ககத்தில் 820 சதுர அடி, 54 லட்சம், நிலையத்துக்கு நடந்து போகலாம். மூன்றாவது சிறியது, பழையது, விலையும் அதிகம் என்பதால் ஒதுக்கிவிட்டோம். நண்பர் ஒருவர் கேளம்பாக்கத்தில் வாங்கச் சொல்கிறார், மெட்ரோ வரப்போகிறதாம். கூடுவாஞ்சேரிக் கட்டுநர் இந்த வாரத்துக்குள் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

— வாசகர், ஆதம்பாக்கம்

பதில்:

நீங்கள் ஒதுக்கிய வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றில் உங்கள் இருவரின் வேலைக்கும் பொருந்துவது அதுதான். ஆனால் அதையும் இப்போது வாங்காதீர்கள்.

முதலில் திருநின்றவூரை முடித்துவிடலாம். திருவள்ளூர் மார்க்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ வேலை என்றால் நானே அங்கு போகச் சொல்லியிருப்பேன். இந்த விலைக்குச் சொந்த மண்ணோடு தனி வீடு தாம்பரம் பக்கம் கிடைப்பது அரிது. உங்கள் ஒருவருக்குக்கூட ஒத்துவரும்: சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையம்தான். உங்கள் மனைவியின் வழியைப் பாருங்கள். வீட்டிலிருந்து மூன்று கி.மீ. வண்டியில், பிறகு சென்ட்ரல் வரை சுமார் ஒரு மணி நேரம் ரயிலில், அங்கிருந்து மெட்ரோவிலோ பூங்கா நிலையத்துக்கு நடந்து போய் இன்னொரு மின்சார ரயிலிலோ கிண்டி, பிறகு தொழிற்பேட்டைக்குள் நடை. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்தைத் தொடும். முதல் வகுப்புக் குழந்தை இருக்கும் வீட்டில் தாய் தினமும் நான்கு மணி நேரம் வழியில் இருப்பது என்றால், இரண்டாண்டுக்குள் அவர் வேலையை விடுவது பற்றிப் பேச்சு எழும். அந்த வேலை போனால் உங்கள் வருமானத்தில் பாதி போய்விடும். தனி வீட்டின் விலையில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூடுவாஞ்சேரியும் பெருங்களத்தூரும் ஒரே தடத்தில் இருப்பவை. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் எழும்பூரும் உண்டு, கிண்டியும் உண்டு. இருவரும் வண்டி மாறாமல் போய் வரலாம். தாம்பரத்துக்கு அடுத்த நிலையம் பெருங்களத்தூர். அதைத் தாண்டி வண்டலூர், ஊரப்பாக்கம், அப்புறம்தான் கூடுவாஞ்சேரி. காகிதத்தில் மூன்று நிலையம்தான் வித்தியாசம், விலையில் ஆறு லட்சம் குறைவு. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

நாம் தொடர்வோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 48 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். முதல் விற்பனையாகப் பதிவாகும் அடுக்கக வீட்டுக்கு, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். அது 2 லட்சத்து 88 ஆயிரம். மொத்தம் 53 லட்சத்து 28 ஆயிரம். பெருங்களத்தூர் மறுவிற்பனை வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் பதிவுச் செலவு முழு 9 சதவீதம். 4 லட்சத்து 86 ஆயிரம். மொத்தம் 58 லட்சத்து 86 ஆயிரம். இடைவெளி 5 லட்சத்து 58 ஆயிரம்.

இந்த இடைவெளி முழுவதையும் கடனாகவே எடுத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் தவணை. ஆக, பெருங்களத்தூருக்காக மாதம் சுமார் 4,850 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

இப்போது கூடுவாஞ்சேரியின் மூன்றரை கிலோமீட்டர். விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். ஞாயிறு மதியம் பைக்கில் போனால் ஐந்து நிமிடம்தான். வேலை நாளில், நீங்கள் ஒரு நேரத்திலும் மனைவி வேறு நேரத்திலும் கிளம்பினால் இரண்டாவது ஸ்கூட்டர் வேண்டும். ஒரு லட்சம் விலையை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,040. காப்பீடு, சர்வீஸ் 500. இருவரும் மாதம் 25 நாள் நிலையத்துக்குப் போய்வர 350 கி.மீ.; பெட்ரோல் 780 ரூபாய். நிலையத்தில் இரண்டு வண்டி நிறுத்த 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3,100 ரூபாய் ஆகிவிட்டது. சீசன் டிக்கெட் வித்தியாசம் மிகச் சிறியது, விட்டுவிடலாம். ஏ.சி. மின்சார ரயிலில் போவதாக நினைப்பிருந்தால் அது வேறு கணக்கு. 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் அது ஓடத் தொடங்கியபோது ஒரு முறைக்குக் குறைந்த கட்டணமே 35 ரூபாய்.

ஆக, உண்மையான மாத வித்தியாசம் 1,750 ரூபாய்தான். அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ரயிலில் கால் மணி நேரம் மிச்சம். வண்டி எடுத்து, நிறுத்த இடம் தேடி, மேம்பாலம் ஏறி இறங்குவதற்குப் பதிலாகப் பத்து நிமிட நடை என்பதில் இன்னும் பத்து நிமிடம். ஒரு வழிக்கு 25 நிமிடம், ஒருவருக்கு நாளுக்கு 50 நிமிடம், இருவருக்கும் சேர்த்து மாதம் 40 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு 42 ரூபாய் கொடுத்து அந்த நேரத்தை வாங்குகிறீர்கள். உங்கள் இருவரின் உழைப்புக்கும் நிறுவனங்கள் தரும் விலை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், மணிக்கு 275 ரூபாய்.

இன்னொரு செய்தி, அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்பதில்லை. கடற்கரையிலிருந்து வரும் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரம் தாண்டினால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் கூடும். பெருங்களத்தூருக்கும் இந்தக் குறை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தாம்பரத்தில் இறங்கியவர் ஜி.எஸ்.டி. சாலையில் (வரி அல்ல, செங்கல்பட்டு நோக்கிப் போகும் நெடுஞ்சாலை) பஸ் பிடித்தால் அடுத்த ஊர் பெருங்களத்தூர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தச் சாலையில் மாநகரப் பஸ்கள் நிறையவே ஓடுகின்றன. உங்கள் மனைவிக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நிரம்பி வந்தால், இதே வழியில் தாம்பரம் போய் அங்கிருந்து புறப்படும் வண்டியில் உட்கார்ந்து போகலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து இதைத் தினமும் செய்ய முடியாது. மாலையில் அந்தச் சாலை நகரவே நகராது.

பராமரிப்புப் பணிக்காக ரயில்கள் ரத்தாகும் ஞாயிறுகளைப் பற்றியும் யோசியுங்கள். உங்களுக்கு விடுமுறைதான். ஆனால் அம்மாவை மருத்துவரிடமோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ அழைத்துப் போவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

கேளம்பாக்க நண்பருக்கு ஒரு வரி. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைதான். கேளம்பாக்கம் அதற்கும் தெற்கே. மத்திய அமைச்சரவை 63,246 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். முதல் கட்டத்துக்கு 2009-இல் வேலை தொடங்கி, கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் வண்டி ஓடியது 2015 ஜூனில். ஓடாத ரயிலுக்கு இன்றே விலை கொடுப்பது கட்டுநருக்கு லாபம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ என்ற பேச்சை வைத்து கூடுவாஞ்சேரியில் விலை ஏற்றிச் சொன்னாலும் என் பதில் இதேதான். தவிர, உங்கள் இருவரில் யாருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை இல்லை.

'வீட்டுக்கடன் எடுத்தால் வரி மிச்சம்' என்று தரகர் சொல்லியிருப்பார். ஆளுக்கு மாதம் 55,000 வாங்கும் உங்களுக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை அப்படித்தான். அந்த முறையில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை. கட்டாத வரியில் என்ன மிச்சம்?

இனி, ஏன் இப்போது வாங்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. பெருங்களத்தூர் வீட்டுக்குக் கடன் 43 லட்சத்து 20 ஆயிரம்; உங்கள் கையிலிருந்து 10 லட்சத்து 80 ஆயிரமும் பதிவுச் செலவும் சேர்த்து 15 லட்சத்து 66 ஆயிரம். கூடுவாஞ்சேரிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம். திருநின்றவூருக்கு 15 லட்சத்தைத் தாண்டும். எதை வாங்கினாலும் உங்கள் 16 லட்சம் துடைத்துக்கொண்டு போய்விடும். பெருங்களத்தூர் என்றால் அடுத்த மாதமே 37,500 ரூபாய் தவணை தொடங்கும், அம்மாவுக்கு வயதாகிறது, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் ஐம்பதாயிரம்கூட இருக்காது. இருவரில் ஒருவருக்கு மூன்று மாதம் சம்பளம் தடைப்பட்டால் நகைதான் அடகுக்குப் போகும்.

கூடுவாஞ்சேரியில் இன்னொரு சுமையும் உண்டு. வீடு கட்டி முடியும் வரை ஆதம்பாக்கத்தில் வாடகையும் கட்டுவீர்கள், வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்டுவீர்கள். 38 லட்சத்து 40 ஆயிரம் முழுவதும் விடுவிக்கப்பட்ட மாதத்தில் வட்டி மட்டும் 27,200 ரூபாய். சாவி ஆறு மாதம் தாமதமானால் அந்த ஆறு மாதமும் இரண்டு வீட்டுக்குப் பணம்.

நான் சொல்வது இது. மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு முன்னால் பெருங்களத்தூரில் நிலையத்துக்கு அருகே வாடகைக்குப் போங்கள். அங்கே மாதம் 15,000-க்கு நல்ல இரண்டு படுக்கையறை வீடு கிடைத்தால், கூடும் பயணச் செலவு 2,000 போக, இப்போது மிஞ்சும் 37,000 என்பது 41,000 ஆகும். ஒன்றரை ஆண்டில் ஏழு லட்சத்துக்கு மேல் சேரும். அதைத் தொடர் வைப்பில் போடுங்கள். ஒன்றரை ஆண்டில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச்சந்தை இடமில்லை. அதற்குள் விலை ஏறிவிடாதா என்பீர்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 54 லட்சம் வீடு 58 லட்சம் ஆகும். கைப்பணத்தேவை 17 லட்சத்தைத் தொடும், தவணை 40,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும், அதற்கப்புறமும் உங்களிடம் ஆறு லட்சம் இருக்கும். மாத வருமானத்தில் 37 சதவீதம் தவணை என்பது இறுக்கம்தான். ஆனால் அவசரத்துக்குக் கையில் பணம் இருக்கிறவருக்குத் தாங்கும்.

அங்கே ஒரு மழைக்காலத்தைக் கழிப்பது இன்னொரு லாபம். பெருங்களத்தூர் நிலையத்துக்கு மேற்கே முடிச்சூர் சாலை. அதன் வழியே போனால் முடிச்சூர், வரதராஜபுரம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் அந்தப் பகுதிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரில் தண்ணீர் புகுந்தது. நீங்கள் பார்த்த வீடு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் அந்த இரண்டு டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டாம், அவர் விற்க வந்தவர். கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதையும் அதே கடையிலேயே கேட்டுவிடலாம்.

பழைய அடுக்ககம் என்பதால் பிரிபடாத பாகம், அதாவது அடுக்ககம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். 820 சதுர அடி வீட்டுக்கு அது 400-க்குக் கீழே என்றால் விலையைக் குறைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழை 30 ஆண்டுக்கு எடுங்கள். மின்தூக்கி இருக்கிறதா, எந்த மாடி என்பதும் நீங்கள் எழுதவில்லை. அம்மா படியேற வேண்டும் என்றால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் வேறு வீட்டுக்குத்தான் பொருந்தும்.

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் பேரம் பேசுங்கள். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சட்டம் துணைக்கு வராது.

கூடுவாஞ்சேரி முன்பணம் 2 லட்சம்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதில் எந்தக் கணக்குக்கு, எந்த நிபந்தனையில் என்று எழுதியிருக்கிறதா பார்த்து, திரும்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்; தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் கட்டுநரும் வாங்கக் கூடாது என்பது ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2 லட்சம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது, அதனால் அவர் கேட்பது தவறில்லை. 'வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் வீடு போய்விடும்' என்றால், போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.