சைலன்சரை றப்பரிலிருந்து வெட்டாமல் கழற்றலாம்: விசுவமடுவிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: கார் பழையது, பின் சைலன்சரில் ஓட்டை விழுந்துவிட்டது, மாற்றுச் சைலன்சர் வாங்கி வைத்தாயிற்று. போல்ட்டுகளும் இளகிவிட்டன. ஆனால் சைலன்சரைத் தொங்கவிட்டுத் தாங்கும் றப்பர்கள் மட்டும், அவற்றின் துளைக்குள் நுழைந்திருக்கும் கம்பியை விட்டு வருவதாக இல்லை. இழுத்தும் தட்டியும் பார்த்தாயிற்று, இனி வெட்டிவிடலாமா?

வெட்ட வேண்டாம், அவை நல்ல நிலையில் இருந்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். இழுக்கவும் வேண்டாம். கம்பியின் நுனி காளான் தலைபோலத் தடித்திருக்கும், றப்பரின் துளை அதைவிடச் சிறியது. ஓடும்போது கழன்று விழக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். குழாயைப் பிடித்து இழுத்தால் றப்பர் நீளும், துளை ஒடுங்கும், கம்பியை இன்னும் இறுகக் கவ்வும். றப்பரைப் பின்பக்கத்திலிருந்து கம்பியின் நுனியை நோக்கித் தள்ளினால்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்வீதிகள் பெரும்பாலும் கிறவல். கோடையில் செம்புழுதி, மாரியில் சேறு. இரண்டும் றப்பருக்கும் கம்பிக்கும் நடுவே போய்க் காய்ந்து, கம்பியின் துருவோடு சேர்ந்து பசைபோல ஒட்டிவிடும். ஆகவே முதல் வேலை கழுவுவது. பழைய பல் துலக்கும் தூரிகையும் தண்ணீரும் போதும். பிறகு கம்பியின் வெளியே தெரியும் தலையைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். சொரசொரப்பான துருவோடு தலை உள்ளே நுழைந்தால் றப்பரைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும்.

அடுத்தது வழுக்கல். சிலிக்கன் ஸ்பிறே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, றப்பரின் இரண்டு பக்கமும் துளைக்குள் இறங்கும்படி விடுங்கள். டீசல், எஞ்சின் ஒயில், கிறீஸ் எதுவும் வேண்டாம். பெற்றோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை றப்பர் ஊதி மென்மையாகிவிடும். அன்றைக்குச் சுலபமாகக் கழன்றாலும் திரும்பப் போட்ட பிறகு கெதியாக அறுந்துவிடும்.

சவர்க்காரத் தண்ணீர் விட்டதும் உடனே தள்ளத் தொடங்காதீர்கள். றப்பரைக் கையாலோ குறடாலோ பிடித்து, கம்பியில் இடமும் வலமுமாகத் திருகுங்கள். முதலில் அசையவே அசையாது. கொஞ்சம் தண்ணீர், மறுபடி திருகல். சில நிமிடத்தில் ஒட்டு விட்டு, றப்பர் கம்பியைச் சுற்றித் தாராளமாகத் திரும்பும். அந்த இடம் வரும்வரை பொறுத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு ரயர் கழற்றும் லீவரை றப்பருக்குப் பின்னால் வைத்து நுனிப்பக்கமாக நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் சரிந்து இறுகும், மேலும் கீழும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. இதற்கென்றே ஒரு குறடும் விற்கிறார்கள். அதன் ஒரு தாடை கம்பியின் தலையில் நிற்கும், மற்றது றப்பரைத் தள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் செய்தால் றப்பர் இளகியிருக்கும், அது எங்கள் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் உதவி. நெருப்புக் காட்டி இளக்கும் யோசனையை மட்டும் அடியோடு விடுங்கள். பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது.

வெடித்துப் போன றப்பர் என்றால் வெட்டலாம். சிலவற்றுக்குள் இரும்புப் பட்டி ஓடும், கத்தி இறங்காமல் நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் மேலே சொன்ன முறைக்கே திரும்புங்கள்.

வெட்டுவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் என் காரின் நல்ல றப்பர்கள் இரண்டை வெட்டிவிட்டு, கட்டுக்கம்பியால் சைலன்சரை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். எஞ்சின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆட வேண்டும், அந்த ஆட்டத்தை வாங்குவதுதான் றப்பரின் வேலை. இறுக்கிக் கட்டியதால் கார் முழுக்க அதிரும் சத்தம், மூன்றாம் மாதம் குழாய் ஒட்டிய இடத்தில் வெடிப்பு. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது என் பெரியப்பா தன்னுடைய ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். றப்பர் வாங்கக் கடை இல்லை. அப்போதுகூட அவர் கம்பியால் கட்டவில்லை. பழைய ரயர் ரியூப்பை வளையங்களாக வெட்டி இரண்டு மூன்றாகச் சேர்த்து மாட்டுவார். "அது ஆடத்தான் வேணும் தம்பி, ஆடாட்டி முறியும்" என்பார்.

இனி காருக்குக் கீழே போவது பற்றி. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கடைசி வரியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள், காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கிகள் (ஜக் ஸ்ராண்ட்) வைத்தே ஆக வேண்டும். எங்கள் முற்றங்கள் மணல் அல்லது செம்மண், மழைக்குப் பிறகு தாங்கி ஒரு பக்கமாகப் புதையும். ஒவ்வொரு தாங்கிக்கும் கீழே பாலை அல்லது முதிரைப் பலகை ஒன்று போடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வைக்க வேண்டாம், அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம், மேலிருந்து துரு கண்ணுக்குள்தான் விழும். குழாய் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

புகைக்குழாய்த் தொகுதி முழுவதையும் இறக்குவதென்றால் ஒழுங்கு முக்கியம். முதல் நாள் மாலையே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், றப்பரில் படாமல். குழாயில் பொருத்தியிருக்கும் ஒட்சிசன் சென்சரின் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். முன் இணைப்பின் நட்டுகளை இளக்கி, சில புரிகள் மிச்சமிருக்க விடுங்கள். சைலன்சருக்குக் கீழே கட்டையோ இன்னொரு ஜக்கோ வைத்துத் தாங்கிய பிறகுதான் றப்பர்கள். நான் முதல் தடவை தாங்கல் வைக்காமல் பின் றப்பர்களைக் கழற்றினேன். பாரம் முழுவதும் முன்னால் உள்ள மடங்கும் குழாயில் தொங்கி, அதன் கம்பிப் பின்னல் பிரிந்துவிட்டது. அதை மாற்றியது சைலன்சரைவிடச் செலவு. பின் அச்சுக்கு மேலால் குழாய் போகும் கார் என்றால், தாங்கிகளை அச்சுக்குக் கீழே வைக்காமல் காரின் உடலுக்குக் கீழே வையுங்கள். அச்சு கீழே தொங்கி இடம் கிடைக்கும்.

2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, 2025 இல் அது மறுபடி தொடங்கும்வரை, இங்கே எல்லோரும் பழைய கார்களைத்தான் பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம், உதிரிப் பாகம் தேடி வவுனியாவரை போய் வந்த நாட்கள் உண்டு. புதிய றப்பர் வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம் கொஞ்சம் மாறினாலும் குழாய் பம்பரில் முட்டும்.

மாட்டும்போதும் அதே சவர்க்காரத் தண்ணீர்தான். இணைப்பு வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். எல்லா றப்பரும் ஏறிய பிறகே நட்டுகளை முடிவாக இறுக்குங்கள், முதலிலேயே இறுக்கினால் குழாய் கோணலாக நிற்கும். பிறகு காரைத் திறந்த வெளியில் வைத்து எஞ்சினை ஓட்டி, இணைப்புகளுக்குப் பக்கத்தில் ஊதும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். கொட்டிலுக்குள் வைத்து இதைச் செய்ய வேண்டாம், புகையில் வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.