டிடிஎஸ், டால்பி, எஸ்டிடிஎஸ், அட்மாஸ்: தியேட்டர் ஒலி பற்றிய கேள்வி பதில்

35 எம்எம் பிலிம் ஓடிய நாளிலிருந்து தியேட்டர்களில் ஒலிக்கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். டிஜிட்டல் ஒலி பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல்): எங்கள் பக்கத்தில் மிகச் சிறிய தியேட்டர்கூட வாசலில் 'ஏ.சி. டி.டி.எஸ்.' என்று எழுதி வைத்திருந்தது. டால்பி பெயரை அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஏன் ஐயா?

பதில்: முதல் காரணம் செலவு. டிடிஎஸ் முறையில் ஒலி பிலிமில் இருக்காது, தனியாக சிடி-ராம் தட்டுகளில் வரும். பிலிமில் இருப்பது நேரக்குறி மட்டும். புரொஜெக்டரில் பொருத்திய ஒரு சிறு ரீடர் அந்தக் குறியைப் படித்துச் சொல்ல, தட்டு ஓடும் கருவி படத்தோடு இணைந்து ஒலியைத் தரும். பிலிம் ஓரத்தில் கோடாகப் பதிந்த ஒலியை வெளிச்சத்தால் படிக்கும் பழைய ஆப்டிகல் ஏற்பாட்டைக் கழற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். தட்டை மாற்றினால் அதே பிரிண்ட் வேறு மொழி பேசும் என்பது விநியோகஸ்தர்களுக்குக் கூடுதல் லாபம்.

1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு உலகுக்கு அறிமுகமான முறை இது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தமிழில் முதல் டிடிஎஸ் படம் 1996-இல் வந்த 'கருப்பு ரோஜா'. அதற்கு முந்தைய ஆண்டு 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்ஆரில் வந்தது, ஆனால் அது அனலாக், அதாவது டிஜிட்டல் அல்லாத பழைய முறை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பலகையில் எழுத்து இருந்தால் கேபினில் கருவி ஓடியது என்று அர்த்தமில்லை. படப்பெட்டியோடு தட்டு வராமல் போகும், வேறு படத்தின் தட்டு வந்துவிடும். நேரக்குறியோடு படத்தின் வரிசை எண்ணும் பதிவாகியிருப்பதால், தவறான தட்டைப் போட்டால் கருவி ஒத்துக்கொள்ளாது. உடனே ஆப்டிகல் ஒலிக்கு மாறிவிடும். கீழே உட்கார்ந்திருப்பவர் டிடிஎஸ் கேட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கேள்வி (கும்பகோணம்): என் தாத்தா ஆபரேட்டராக இருந்தவர். அவர் வைத்திருந்த ஒரு ஆங்கிலப் பட பிலிம் துண்டில் ஓரங்கள் நீலமாக இருக்கின்றன, துளைகளுக்கு நடுவே புள்ளிப் புள்ளியாகச் சதுரங்கள் தெரிகின்றன. இவை என்ன?

பதில்: பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஒலி முறைகளுக்கு இடையே நடந்த ஒரு போரின் முழு வரைபடமே உங்கள் கையில் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பாருங்கள். துளைகளுக்கும் வெளியே, இரண்டு விளிம்புகளிலும் ஓடும் நீலப் பட்டை சோனியின் எஸ்டிடிஎஸ். ஒரு பக்கத்துத் துளைகளுக்கு இடையில் இருக்கும் சாம்பல் சதுரங்கள் டால்பி டிஜிட்டல். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் டால்பியின் இரட்டை 'டி' சின்னம் தெரியும். ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளைகள், நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் நொடிக்கு 96 சதுரங்கள் கடந்து போகின்றன. அடுத்து நெளிநெளியாக ஓடும் இரண்டு கோடுகள் பழைய ஸ்டீரியோ ஆப்டிகல். அதற்கும் படத்துக்கும் நடுவில், கோடும் புள்ளியுமாக மெல்லிய ஒரு வரி இருந்தால் அதுதான் டிடிஎஸ் நேரக்குறி.

நான்கும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே பிலிமில் குடியிருந்தன. அதனால்தான் வீடியோ கேசட் காலத்தில் விஎச்எஸ் வாழ்ந்து பீட்டாமேக்ஸ் அழிந்ததைப் போல இங்கே நடக்கவில்லை. ஒரே பிரிண்டை எந்த தியேட்டருக்கு அனுப்பினாலும், அங்கே இருக்கும் கருவி தனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டது.

கேள்வி (கோவை): டால்பி, டிடிஎஸ், எஸ்டிடிஎஸ் மூன்றில் எது உயர்ந்தது? இணையத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: எண்ணை வைத்துப் பார்த்தால், பிலிமில் இருந்த டால்பி டிஜிட்டல் நொடிக்கு 320 கிலோபிட், டிடிஎஸ் 882. டால்பி அதிகமாகச் சுருக்கியது, டிடிஎஸ் குறைவாக. சோனியில் எட்டுத் தடங்கள், அவற்றில் ஐந்து திரைக்குப் பின்னாலேயே. ஆனால் அந்த ஐந்துக்கும் ஸ்பீக்கர் வைத்திருந்த அரங்குகள் குறைவு.

என்னைக் கேட்டால், பிரிண்ட் எங்கே தேயும் என்பதுதான் உண்மையான வேறுபாடு. பிலிமின் விளிம்புதான் முதலில் உரசும், சோனி போய் உட்கார்ந்ததோ அதே விளிம்பில். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்படி சமாளித்தார்கள், இருந்தும் இடம் தவறான இடம். டால்பி துளைகளுக்கு நடுவே ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. ஆனாலும் ஆபரேட்டர் கைபட்டு ஒட்டிய ரீல் முனைகளில் தடுமாறி அனலாகுக்கு இறங்கும். டிடிஎஸ்ஸுக்குப் பிரிண்ட் கிழிந்தாலும் கவலையில்லை. நடுவில் சில ஃபிரேம்கள் வெட்டுப்பட்டால் அடுத்த நேரக்குறியைப் பிடித்துத் தொடரும். ஓடி ஓடிக் கிழிந்த பிரிண்டுகளே சிற்றூர்களுக்கு வந்த காலத்தில், நம் ஊருக்குப் பொருந்தியது டிடிஎஸ்தான் என்பேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): டால்பிக்கு முன் வேறு டிஜிட்டல் முறை இருந்ததா?

பதில்: இருந்தது. 1990-இல் கோடாக் பங்கெடுத்து உருவாக்கிய சினிமா டிஜிட்டல் சவுண்ட். அனலாக் தடம் இருந்த இடத்தையே அது எடுத்துக்கொண்டது. டிஜிட்டல் படிக்க முடியாமல் போனால் மாற்று ஒலி கிடையாது, அரங்கம் மௌனமாகிவிடும். சீக்கிரமே மறைந்தது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' மூலம் வந்த டால்பி டிஜிட்டலும், அடுத்த ஆண்டு வந்த மற்ற இரண்டும் அனலாக் தடத்தைத் தொடவில்லை.

கேள்வி (சேலம்): டிவிடி உறையில் இருக்கும் டிடிஎஸ்ஸும் தியேட்டர் டிடிஎஸ்ஸும் ஒன்றா?

பதில்: பெயர்தான் ஒன்று. ஒலியைச் சுருக்கும் முறை வேறு வேறு. டிவிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பெரும்பாலும் 384 அல்லது 448 கிலோபிட். அதாவது பிலிமில் இருந்ததைவிட அதிகம்!

கேள்வி (மதுரை, இன்னும் பலர்): புதிய தியேட்டர்களிலும் பின்னணி இசை காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் புரிவதில்லை. ஏன்?

பதில்: அதிகம் வந்த கேள்வி இதுதான். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து மட்டுமே வருகிறது. அது நோயாளியானால் படமே ஊமை.

ஒரு தியேட்டரில் இப்படித்தான் புகார் சொல்லி என்னை அழைத்தார்கள். நடு ஸ்பீக்கரின் மேல்பகுதி, அதாவது உயர் ஒலிகளைத் தரும் டிரைவர் எரிந்து போயிருந்தது. கீழ்ப்பகுதி மட்டும் வேலை செய்ததால் 'ச', 'த' எல்லாம் மழுங்கி, நாயகன் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. அதைக் கவனிக்காமல் மொத்த ஒலியையும் கூட்டிக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். வசனம் தெளியவில்லை, சண்டைக்காட்சி மட்டும் இடியாக இறங்கியது. டிரைவரை மாற்றியதும் ஒலியைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

இன்னொரு காரணம் ஃபேடர், அதாவது கேபினில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். டால்பி பிராசஸரில் 7 என்ற அளவில்தான் படத்துக்கு ஒலி சேர்க்கிறார்கள். அந்த அளவில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரும்படி அரங்கைச் சரிசெய்ய வேண்டும். பார்வையாளர் 'சத்தம் அதிகம்' என்று சொல்ல, ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார். மெல்லப் பேசும் வசனம் ஏ.சி. இரைச்சலில் கரைந்துவிடுகிறது. அடுத்தடுத்த படங்களை இன்னும் உரக்கச் சேர்க்கிறார்கள், தியேட்டர்கள் இன்னும் இறக்குகின்றன. இதில் குற்றம் இரு பக்கமும் இருக்கிறது, ஆனால் தொடங்கி வைத்தவர்கள் ஒலி சேர்ப்பவர்கள் என்பது என் கட்சி.

கேள்வி (சிங்கப்பூர்): இன்று அட்மாஸ், ஆரோ என்று மறுபடியும் போட்டியா?

பதில்: பழைய போட்டி பிலிமோடு முடிந்துவிட்டது. டிஜிட்டல் புரொஜெக்ஷனில் ஒலி சுருக்கப்படாமலே வருகிறது, 16 தடங்கள் வரை. யார் நன்றாகச் சுருக்குகிறார்கள் என்ற கேள்விக்கே வேலையில்லை. புதிய போட்டி கூரைக்கு. 2012-இல் வந்த அட்மாஸில் 128 ஒலித்தடங்கள் வரை வைத்து, அரங்கில் 64 ஸ்பீக்கர் இணைப்புகள் வரை பிரித்துத் தரலாம். ஹெலிகாப்டர் எங்கே பறக்கிறது என்ற தகவலும் ஒலியோடு போகும், அந்த அரங்கில் எந்த ஸ்பீக்கர் ஒலிக்க வேண்டும் என்பதைக் கருவியே கணக்கிடும். இந்தியாவில் முதலில் அட்மாஸில் வந்தது 2012 டிசம்பரில் வெளியான 'சிவாஜி 3டி'. அடுத்த ஆண்டு 'விஸ்வரூபம்' ஆரோ 3டியில் வந்தது. ஆரோ பிறகு பெரிதாக எடுபடவில்லை.

கேள்வி (திருச்சி): அட்மாஸ் என்று கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த இருக்கை நல்லது?

பதில்: விளக்கு அணைவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். கூரையில் திரையிலிருந்து பின்சுவர் வரை இரண்டு வரிசையாக ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கேட்கப்போவது கூரை ஸ்பீக்கர் இல்லாத 5.1 அல்லது 7.1 ஒலி, அதற்கு அட்மாஸ் விலை கொடுக்க வேண்டியதில்லை. இருக்கையைப் பொறுத்தவரை, திரையிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் எடுங்கள். மைக் வைத்து நாங்கள் அளவெடுப்பதும் அந்தப் பகுதியில்தான். கடைசி வரிசை வேண்டாம், பின்சுவர் ஸ்பீக்கர்கள் தலைக்கு மிக அருகில் வந்துவிடும்.